சமாதானத் தூது சென்ற அரசி

(பத்தாம் வகுப்பு மாணவி)

நாடுகளை வென்ற மன்னர்களின் பெயர்களை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். எந்த ஆண்டில் எந்தப் போர் நடந்தது என்று வரலாற்று ஆசிரியை கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவோம். ஆனால் நடக்கவிருந்த போர் ஒன்று நடக்காமல் நின்றுபோனால் அது பாடநூலின் ஓர் ஓரத்தில்கூட இடம்பெறுவது அரிது. அதை நிறுத்தியவர் யார், அதற்காக எவ்வளவு தூரம் பயணம் செய்தார், எத்தனை பேரிடம் பேசினார், என்னென்ன இழந்தார் என்று நாம் கேட்பதில்லை. அவ்வாறு போரை நிறுத்துவதையே தம் வாழ்நாள் கடமையாகக் கொண்ட ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே எழுத விரும்புகிறேன். அவரே போர்ச்சுகல் நாட்டு அரசியாக விளங்கிய புனித எலிசபெத் அம்மையார்.

அவருடைய திருவுருவப் படத்தை நம்மில் சிலர் பார்த்திருப்போம். தலையில் மணிமுடி, உடலில் துறவற உடை, மடியில் ரோஜா மலர்கள். குளிர்காலத்தில் ஒரு நாள் ஏழைகளுக்குக் கொடுப்பதற்காக அவர் மடியில் மறைத்து எடுத்துச் சென்ற ரொட்டி, அரசர் வழிமறித்துக் கேட்டபோது ரோஜா மலர்களாக மாறியிருந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. இதே கதை அவருடைய பாட்டியின் அக்காளான ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தைப் பற்றியும் சொல்லப்படுகிறது. ரோஜா மலர்க் கதை அழகானது. ஆயினும் அம்மையாரை நினைக்கும்போது எனக்கு அந்த மலர்களைவிட அவர் ஏறிச் சென்ற கோவேறு கழுதையே கண்முன் நிற்கிறது. அதன் காரணத்தை, இக்கட்டுரையைப் படித்து முடிக்கும்போது தோழியர் அறிந்துகொள்வீர்கள்.

பிறப்பும் பெயரும்

ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில் ஐபீரியத் தீபகற்பம் அமைந்துள்ளது. இன்று அதன் பெரும்பகுதி ஸ்பெயின், போர்ச்சுகல் என்னும் இரு நாடுகளாக இருக்கிறது. சாவி, ஜன்னல், அலமாரி என்று நாம் வீட்டில் அன்றாடம் சொல்லும் சொற்கள் போர்ச்சுகல் நாட்டு மொழியிலிருந்து நமக்கு வந்தவைதாம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் என்று ஒரே நாடு கிடையாது. மேற்கே போர்ச்சுகல், நடுவே காஸ்டைல், கிழக்கே அரகோன், தெற்கே முஸ்லிம் மன்னர்கள் ஆண்ட கிரனாடா என்று பல அரசுகள் அடுத்தடுத்து இருந்தன. எது யாருடைய எல்லை என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை. இன்று ஒருவர் கையில் இருக்கும் கோட்டை நாளை மற்றவர் கைக்கு மாறும். கோட்டை கைமாறும்போதெல்லாம் அழிவது அதைச் சுற்றி வாழும் குடியானவர்களின் வயலும் வீடும்தான்.

அத்தகைய காலத்தில், 1271-ஆம் ஆண்டில், அரகோன் அரச குடும்பத்தில் எலிசபெத் பிறந்தார். பின்னர் அரகோன் மன்னரான மூன்றாம் பேதுரு அவருடைய தந்தை. சிசிலித் தீவின் அரச மகள் கான்ஸ்டன்ஸ் அவருடைய தாய். அவர் நாட்டு மொழியில் அவர் பெயர் இசபெல். எலிசபெத், இசபெல் இரண்டும் ஒரே பெயரின் இரு வடிவங்கள். பாட்டியின் அக்காள் ஹங்கேரி எலிசபெத் 1235-ஆம் ஆண்டிலேயே புனிதையாக அறிவிக்கப்பட்டவர். அவர் நினைவாகவே குழந்தைக்கு அப்பெயர் சூட்டப்பட்டது.

குழந்தை பிறந்த சமயத்தில் பாட்டனாரான ஜேம்ஸ் மன்னருக்கும் தந்தைக்கும் இடையே மனத்தாங்கல் இருந்தது. பேத்தியின் முகம் பார்க்க வந்த இடத்தில் இருவரும் ஒன்றுசேர்ந்தனர் என்று பழைய வரலாறுகள் சொல்லும். பேசத் தெரியாத பருவத்திலேயே சமாதானம் செய்துவைத்தவர் என்று பின்னாளில் மக்கள் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டனர்.

சிறுமி அரசியானாள்

அக்காலத்தில் அரச குலத்துப் பெண்ணின் திருமணம் அவளுடைய விருப்பம் அன்று. இரு நாடுகள் செய்துகொள்ளும் நட்பு உடன்படிக்கை. எலிசபெத்தின் தந்தை சிசிலித் தீவின் உரிமைக்காகப் பெரும் பகையைத் தேடிக்கொள்ளவிருந்த நேரம் அது. அவருக்கு மேற்கே ஒரு நண்பர் தேவைப்பட்டார். ஆகவே போர்ச்சுகல் மன்னர் தினிஸ் என்பவருக்கு மகளை மணம் பேசினார். 1282-ஆம் ஆண்டு எலிசபெத் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டு, காஸ்டைல் நாட்டைக் கடந்து, போர்ச்சுகல் எல்லையை அடுத்த திரான்கோசோ என்ற ஊரில் கணவரை முதன்முதலாகச் சந்தித்தார். அப்போது அவருக்கு வயது பதினொன்று, மன்னருக்கு இருபது. நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் படிக்கும் தங்கைகளின் வயது அது. பழகிய வீட்டையும் தாயையும் பேசிய மொழியையும் விட்டுவிட்டு அந்தச் சிறுமி எல்லையைக் கடந்தபோது என்ன நினைத்திருப்பாள் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

தினிஸ் திறமையான மன்னர். உழவுத் தொழிலைப் பேணியதால் அவரை உழவர் மன்னர் என்றே மக்கள் அழைத்தனர். 1290-ஆம் ஆண்டு தம் நாட்டின் முதல் பல்கலைக்கழகத்தை நிறுவினார். ஆனால் இல்லறத்தில் அவர் மனைவிக்கு உண்மையாக இருக்கவில்லை. வேறு பெண்களிடம் அவருக்குப் பல பிள்ளைகள் பிறந்தனர். எலிசபெத்துக்கு இது பெருந்துன்பமாகவே இருந்திருக்கும். எனினும் அப்பிள்ளைகள் செய்த குற்றம் ஒன்றுமில்லை என்று உணர்ந்து, அவர்களையும் அரண்மனையில் வளர்த்துப் படிப்பித்தார். அதிகாலையில் எழுந்து செபிப்பார். நோன்பு நாட்களைத் தவறாமல் கடைப்பிடிப்பார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லமும், நோயாளிகளுக்கு மருத்துவமனையும், வழிப்போக்கருக்குச் சத்திரமும் அமைத்தார். ஏழைப் பெண்களுக்குச் சீர் கொடுத்து மணம் முடித்து வைத்தார்.

1290-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்ஸ் என்ற மகளும், 1291-ஆம் ஆண்டில் அல்போன்ஸ் என்ற மகனும் அவருக்குப் பிறந்தனர். இவ்விரு பிள்ளைகளின் வழியாகவே பின்னர் அவருக்கு மகிழ்ச்சியும் வந்தது, துயரமும் வந்தது.

எல்லைக் கோடு

1295-ஆம் ஆண்டு காஸ்டைல் மன்னர் இறந்தார். அவர் மகன் பெர்னாண்டோ பத்து வயதும் நிரம்பாத சிறுவன். விதவைத் தாய் மரியா மோலினா மகனுக்காக ஆட்சியைக் கவனித்து வந்தார். நாட்டில் சிறுவன் ஆளுகிறான் என்றால் அண்டை நாட்டாருக்குக் கேட்கவா வேண்டும்! 1296-ஆம் ஆண்டு மேற்கிலிருந்து தினிஸ் மன்னர் படையுடன் காஸ்டைலுக்குள் நெடுந்தூரம் புகுந்தார். அதே ஆண்டில் கிழக்கிலிருந்து அரகோன் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் முர்சியாப் பகுதிக்குள் நுழைந்து ஊர்களைப் பிடித்தார். இந்த ஜேம்ஸ் வேறு யாருமல்லர்; எலிசபெத்தின் அண்ணன். ஒருபுறம் கணவர், மறுபுறம் அண்ணன், நடுவில் ஒரு விதவைத் தாயும் சிறுவனும் என்ற நிலை.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1297-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் அல்கனீசஸ் என்ற எல்லையோர ஊரில் போர்ச்சுகலும் காஸ்டைலும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தச் சமாதானப் பேச்சில் எலிசபெத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று வரலாற்று ஆசிரியர்கள் கூறுகின்றனர். எதிர்ப்புறத்தில் பேசியவரும் ஒரு பெண், மரியா மோலினா என்பது நாம் கவனிக்க வேண்டியது.

அந்த உடன்படிக்கை வெறும் நல்லெண்ண வார்த்தைகளால் ஆனதன்று. எந்த ஊர் யாருக்கு என்று பெயர் சொல்லி எழுதினார்கள். சபுகால், அல்மைதா, ஒலிவென்சா போன்ற ஊர்கள் போர்ச்சுகலுக்கு என்று முடிவாயிற்று. அரோச்சே, அரசேனா ஆகிய ஊர்களின் மீது தனக்கிருந்த உரிமையைப் போர்ச்சுகல் விட்டுக் கொடுத்தது. இரு தரப்பும் பெற்றன. இரு தரப்பும் இழந்தன. இனி நாற்பது ஆண்டுகள் ஒருவரோடொருவர் போரிடுவதில்லை, ஒருவருக்கொருவர் உதவுவது என்றும் உறுதி செய்துகொண்டனர். 1801-ஆம் ஆண்டில் ஸ்பெயின் வசமான ஒலிவென்சாவை நீக்கிப் பார்த்தால், அன்று வகுத்த எல்லை பெரும்பாலும் இன்றுவரை மாறவில்லை. ஐரோப்பாவிலேயே மிகப் பழைய எல்லைகளுள் அதுவும் ஒன்று என்கிறார்கள்.

ஆனால் அந்த எல்லைக்கு வேறொரு விலையும் இருந்தது. உடன்படிக்கையின்படி எலிசபெத்தின் மகள் கான்ஸ்டன்ஸ் காஸ்டைல் மன்னருக்கும், அம்மன்னரின் தங்கை பெயாட்ரிஸ் எலிசபெத்தின் மகன் அல்போன்சுக்கும் நிச்சயம் செய்யப்பட்டனர். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதேதான். மணமாவதற்கு முன்பே இரு சிறுமியரும் இடம் மாறினர். ஏழு வயதுக் கான்ஸ்டன்ஸ் கிழக்கே காஸ்டைலுக்குப் போனாள். நான்கு வயதுப் பெயாட்ரிஸ் மேற்கே போர்ச்சுகலுக்கு வந்தாள். பதினொரு வயதில் தாய் வீட்டை விட்டு வந்த எலிசபெத், தம் மகளை ஏழு வயதிலேயே அனுப்ப வேண்டியிருந்தது. மன்னர்கள் உடன்படிக்கையில் முத்திரை இட்டார்கள். அந்த முத்திரையின் பாரத்தைச் சுமந்தவர்கள் இரண்டு குழந்தைகள். இதைச் சொல்லாமல் சமாதானத்தைப் பற்றி மட்டும் எழுதுவது நியாயமாகாது என்று நினைக்கிறேன். எலிசபெத் தம் அரண்மனையில் வளர்ந்த பெயாட்ரிசைத் தம் மகளைப் போலவே நடத்தினார் என்பதே இதில் ஓர் ஆறுதல்.

அண்ணனும் மருமகனும்

காஸ்டைலுக்கும் அரகோனுக்கும் இடையே முர்சியாவைப் பற்றிய சண்டை இன்னும் தீரவில்லை. 1302-ஆம் ஆண்டு கான்ஸ்டன்சின் திருமணம் நடந்து, காஸ்டைல் மன்னர் எலிசபெத்துக்கு மருமகனாகிவிட்டார். இப்போது சண்டையிட்டவர்கள் அண்ணனும் மருமகனும். யார் வென்றாலும் எலிசபெத்துக்குத் தோல்வியே.

1304-ஆம் ஆண்டு தினிஸ் மன்னர் நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்ல இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. மன்னர் தம் நாட்டிலிருந்து காஸ்டைலைக் கடந்து அரகோன் எல்லை வரை சென்றார். எலிசபெத்தும் உடன் சென்றார். தொரெல்லாஸ் என்ற ஊரில் தீர்ப்பு அறிவிக்கப்பட்டது. முர்சியா நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, வடபகுதி அரகோனுக்கும் தென்பகுதி காஸ்டைலுக்கும் என்று முடிவாயிற்று. முன்னொரு நாள் படையுடன் காஸ்டைலுக்குள் புகுந்த அதே மன்னர், எட்டே ஆண்டுகளில் அதே நாட்டின் வழியாக நடுவராகப் பயணம் செய்தார் என்றால், அது அல்கனீசஸ் உடன்படிக்கையின் பலன் அன்றோ!

தந்தையும் மகனும்

வெளியே பகை அடங்கியது. வீட்டுக்குள் பகை மூண்டது. தினிஸ் மன்னர் தமக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சாஞ்செஸ் என்ற மகனிடம் அளவற்ற அன்பு காட்டினார். அவருக்கு உயர்ந்த பதவியும் கொடுத்தார். பட்டத்துக்கு உரிய இளவரசர் அல்போன்ஸ், தமக்குப் பதிலாகச் சாஞ்செசை அரியணை ஏற்றிவிடுவார்களோ என்று அஞ்சினார். 1319-ஆம் ஆண்டில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கியது.

எலிசபெத் இருவரிடமும் மாறி மாறிப் பேசினார். அவ்வாறு பேசுகிறவர்களுக்கு எப்போதும் நேர்வது அவருக்கும் நேர்ந்தது. அரசி மகன் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று மன்னரிடம் கோள் சொன்னார்கள். மன்னர் அதை நம்பி, அரசியின் வருமானங்களைப் பறித்துக்கொண்டு அவரை அலெங்கர் என்ற ஊரில் இருக்கும்படி அனுப்பிவிட்டார். அந்நிலையில் சில பிரபுக்கள் படை திரட்டித் தருவதாக முன்வந்தும் அவர் ஏற்கவில்லை என்பர். தம் நீதிக்காக ஒரு படை புறப்பட்டால் அதுவும் இன்னொரு போர்தானே என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

1322-ஆம் ஆண்டு கொயிம்ப்ரா நகரில் மகனைத் தந்தையின் படை சூழ்ந்தது. செய்தி அறிந்ததும் எலிசபெத் அலெங்கரை விட்டுப் புறப்பட்டார். மன்னரின் ஆணையை மீறுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். இரு பாசறைகளுக்கும் போய் வந்து, முடிவில் இருவரையும் இணங்க வைத்தார். ஆனால் அடுத்த ஆண்டே வாக்குறுதிகள் காற்றில் பறந்தன. 1323-ஆம் ஆண்டு லிஸ்பன் நகரை அடுத்த அல்வலாதே வெளியில் இரு படைகளும் எதிரெதிரே அணிவகுத்து நின்றன. தாக்குதல் தொடங்கும் நேரத்தில், கோவேறு கழுதை ஒன்றின் மீது ஏறி, காவல் எதுவுமின்றி, எலிசபெத் இரண்டு படைகளுக்கும் நடுவே சென்றார் என்று வரலாறு போற்றுகிறது.

அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கையில் ஆயுதம் இல்லை. ஆணையிட அதிகாரமும் இல்லை. உள்ளதையும் மன்னர் முன்பே பறித்திருந்தார். இரு பக்கமும் வில்லை வளைத்து நின்ற வீரர்களுக்கு நடுவே நின்றவர், ஒரு பக்கத்தாருக்கு மனைவி, மறு பக்கத்தாருக்குத் தாய். அந்த ஒன்றுதான் அவருடைய பலம். எய்தால் அம்பு அரசியின் மேல் படும். எந்தப் பக்கத்தாரும் எய்யவில்லை. போர் நின்றது. அந்நிகழ்ச்சியின் நினைவாக நாட்டப்பட்ட கல்தூண் ஒன்று லிஸ்பன் நகரில் இருக்கிறது. மேலே நான் சொன்ன கோவேறு கழுதை இதுதான்.

1324-ஆம் ஆண்டில் நிலையான உடன்பாடு ஏற்பட்டு, சாஞ்செஸ் அரசவையை விட்டு விலக்கப்பட்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தினிஸ் மன்னர் நோயுற்றார். தம்மை ஒதுக்கி வைத்த கணவரின் படுக்கை அருகே இரவும் பகலும் இருந்து பணிவிடை செய்தவர் எலிசபெத்தே. 1325-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள் மன்னர் காலமானார். அல்போன்ஸ் அரசரானார்.

கைத்தடியும் கன்னியர் மடமும்

கணவர் மறைந்த அதே ஆண்டில் எலிசபெத், புனித சந்தியாகப்பரின் கல்லறை உள்ள கொம்போஸ்தெலா திருத்தலத்திற்குத் திருப்பயணம் சென்றார். தம் மணிமுடியை அங்கே காணிக்கையாக வைத்துவிட்டார். திரும்பும்போது பேராயர் அவருக்குத் திருப்பயணிகள் ஊன்றும் கைத்தடி ஒன்றை அளித்தார். மணிமுடியைக் கொடுத்துவிட்டுக் கைத்தடியைப் பெற்று வந்த அரசியை நாம் வேறு எங்கே காணப் போகிறோம்!

பின்னர் கொயிம்ப்ரா நகரில், தாம் முன்பே புதுப்பித்துக் கட்டிய புனித கிளாரா சபைக் கன்னியர் மடத்தின் அருகே ஒரு வீட்டில் குடியேறினார். புனித பிரான்சிஸ் அசிசியாரின் மூன்றாம் சபையைச் சேர்ந்தவராக எளிய உடை உடுத்தினார். ஆனால் கன்னியர்களைப் போல் வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. சொத்துக்களைத் துறந்துவிட்டால் ஏழைகளுக்கு உதவ முடியாது என்பதே காரணம். மடத்தின் அருகில் மருத்துவமனை அமைத்து நோயாளிகளுக்குத் தம் கையாலேயே தொண்டு செய்தார். வாழ்வின் எஞ்சிய நாட்கள் இவ்வாறே அமைதியாகக் கழியும் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும்.

கடைசிப் பயணம்

காஸ்டைலுக்கு மணமாகிப் போன மகள் கான்ஸ்டன்ஸ் 1313-ஆம் ஆண்டிலேயே இருபத்து மூன்று வயதில் இறந்துவிட்டாள். அவள் விட்டுச் சென்ற இரண்டு வயதுக் குழந்தை வளர்ந்து காஸ்டைல் மன்னரானான். அவன் பெயரும் அல்போன்ஸ். குழப்பம் வராதிருக்க அவனைப் பேரன் அல்போன்ஸ் என்று குறிப்பிடுகிறேன். 1328-ஆம் ஆண்டு அவன், போர்ச்சுகல் மன்னரின் மகள் மரியாவை மணந்தான். நம் ஊர் முறையில் சொன்னால் மரியா தன் அத்தை மகனை மணந்தாள். பேரன் அல்போன்சுக்குத் தாய்மாமனே மாமனார் ஆனார். மணமகன், மணமகள் இருவருக்குமே எலிசபெத் பாட்டி.

உறவு இவ்வளவு நெருங்கியிருந்தும் அன்பு நெருங்கவில்லை. பேரன் அல்போன்ஸ் வேறொரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்து, மரியாவை ஒதுக்கி வைத்தான். மேலும், போர்ச்சுகல் இளவரசருக்கு நிச்சயிக்கப்பட்ட கான்ஸ்டன்சா என்ற பெண்ணைக் காஸ்டைலை விட்டு வெளியேற விடாமல் தடுத்தான். மகளுக்கு நேர்ந்த அவமானமும் மருமகளைத் தடுத்து வைத்த கோபமும் சேர்ந்து போர்ச்சுகல் மன்னரைப் போருக்குத் தூண்டின. 1336-ஆம் ஆண்டு இரு நாடுகளும் படை திரட்டின. நாற்பது ஆண்டுச் சமாதானத்தில் முப்பத்தொன்பதாம் ஆண்டு அது.

எலிசபெத்துக்கு அப்போது வயது அறுபத்தைந்து. கோடை வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. உடல் தளர்ந்திருந்தது. போக வேண்டாம் என்று உடனிருந்தோர் தடுத்தும் அவர் கேட்கவில்லை. மகன் தங்கியிருந்த எஸ்திரமோஸ் கோட்டையை நோக்கிப் புறப்பட்டார். கொயிம்ப்ராவிலிருந்து அது ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தூரம். ஒருவாறு போய்ச் சேர்ந்தார். ஆனால் காய்ச்சலில் வீழ்ந்தார். 1336-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அந்தக் கோட்டையிலேயே அவருடைய உயிர் பிரிந்தது. அவர் விருப்பப்படி உடலைக் கொயிம்ப்ராவுக்கு எடுத்துச் சென்று, கிளாரா மடத்தில் அடக்கம் செய்தனர்.

போர் நின்றதா?

சில நூல்களில் அம்மையார் தம் மகனையும் பேரனையும் சமாதானம் செய்துவைத்த பிறகே கண்மூடினார் என்று எழுதப்பட்டிருக்கிறது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. அவர் இறந்த அதே ஆண்டில் போர்ச்சுகல் படை காஸ்டைலின் பதஹோஸ் நகரை முற்றுகையிட்டது. 1337-ஆம் ஆண்டில் கடலிலும் போர் நடந்தது. மூன்று ஆண்டுகள் இரு நாட்டு மக்களும் துன்புற்றனர். திருத்தந்தை பன்னிரண்டாம் ஆசீர்வாதப்பரின் தூதர்களும் இடையில் நின்று பேச, 1339-ஆம் ஆண்டில்தான் செவில் நகரில் சமாதானம் ஏற்பட்டது.

இதை அறிந்தபோது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. ஒரு பாட்டியம்மாள் தம் உயிரையே கொடுத்தும் போர் நிற்கவில்லையே, அப்படியானால் அந்தப் பயணம் வீண்தானா என்று கலங்கினேன். பிறகு மேலும் படித்தேன். அடுத்த ஆண்டு, 1340-இல், மொராக்கோ சுல்தானின் பெரும் படை கடலைக் கடந்து வந்து காஸ்டைலைத் தாக்கியது. அந்த நெருக்கடியில் பேரன் அல்போன்சுக்காகப் போர்ச்சுகல் மன்னரிடம் சென்று உதவி கேட்டவர் யார் தெரியுமா? கணவனால் ஒதுக்கி வைக்கப்பட்ட அதே மரியா! தந்தையும் மகளின் சொல்லைக் கேட்டுப் படையுடன் புறப்பட்டார். நேற்றுவரை எதிரிகளாக இருந்த மாமனாரும் மருமகனும் சலாதோ ஆற்றங்கரையில் ஒரே பக்கத்தில் நின்றனர். பாட்டி விட்ட இடத்திலிருந்து பேத்தி தூது போனாள் என்றே எனக்குத் தோன்றியது.

எல்லைக் கோடும் அழியவில்லை. ஊர்களின் பெயரைச் சொல்லி, இரு தரப்பும் விட்டுக் கொடுத்து எழுதிய அந்தக் கோடு நிலைத்தது. உறவைக் காட்டிக் கட்டிய சமாதானம் ஒரு பெண்ணின் கண்ணீரில் உடைந்தது. நியாயத்தைப் பகிர்ந்து எழுதிய சமாதானம் நின்றது. நாடுகள் பெண்களை ஈடு வைத்துச் சமாதானம் தேடிய காலம் போய்விட்டது நல்லதே. ஆனால் இரு தரப்புக்கும் நடுவே நேரில் சென்று நிற்க மனம் உள்ளவர்கள் அன்று தேவைப்பட்டதைப் போலவே இன்றும் தேவைப்படுகிறார்கள்.

புனித நிலை

1516-ஆம் ஆண்டு திருத்தந்தை பத்தாம் சிங்கராயர் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். 1612-ஆம் ஆண்டு கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாதிருந்ததாகவும், அருகில் அந்தத் திருப்பயணக் கைத்தடி இருந்ததாகவும் கண்டனர். 1625-ஆம் ஆண்டு திருத்தந்தை எட்டாம் ஊர்பான் அவரைப் புனிதையாக அறிவித்தார். மொந்தேகோ ஆற்று வெள்ளம் பழைய மடத்தை ஓயாமல் மூழ்கடித்ததால், 1677-ஆம் ஆண்டு அவருடைய உடல் குன்றின் மீது கட்டப்பட்ட புதிய மடத்திற்கு மாற்றப்பட்டது. போர்ச்சுகல் மக்கள் இன்றும் அவரைப் புனித அரசி என்றே அழைக்கின்றனர். திருச்சபை சூலை 4-ஆம் நாள் அவருடைய திருநாளைக் கொண்டாடுகிறது.

முடிவுரை

அம்மையாருக்குப் படை இல்லை. பதவி இருந்தும் அதிகாரம் இல்லை. மைந்தனும் கணவனும் தந்த வாக்குகளை அவர்களே மீறினார்கள். ஒருமுறை நிறுத்திய போர் மறு ஆண்டே மூண்டது. இருந்தும் ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து புறப்பட்டார். சமாதானம் என்பது ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலை அன்று, வீட்டைப் பெருக்குவது போல் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை என்பதை அவர் வாழ்க்கையிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

நம் வகுப்பில் இரண்டு தோழியர் பேசாமல் இருந்தால், நமக்கேன் வம்பு என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறோம். நடுவில் போனால் இருவரும் நம்மையே கோபித்துக்கொள்வார்களே என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். எலிசபெத்தையும் கோபித்துக்கொண்டார்கள், வீட்டை விட்டே அனுப்பினார்கள். ஆனாலும் யாராவது ஒருத்தி எழுந்து போகத்தான் வேண்டும். மடியில் ரோஜா மலர்கள் மலர்வது நம் கையில் இல்லை. கோவேறு கழுதையில் ஏறிப் புறப்படுவது நம் கையில் இருக்கிறது. அதற்கான மனத்திடனை இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் அருள்வாராக!